அம்மாவின் தூக்கத்துக்கு மனச்சிதைவு மாத்திரையா?

திண்ணைக்காரி:
அம்மாவுக்கு 78 வயது, டிமென்ஷியா என்கிற மறதி நோய். ராத்திரி தூங்காமல் எழுந்து எழுந்து வாசல் கதவைத் தட்டுகிறார் என்று சொன்னேன், டாக்டர் க்யூட்டியாபின் 25 எழுதிக் கொடுத்தார். டப்பாவுக்குள் இருந்த தாளைப் பிரித்தால் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்று போட்டிருக்கிறது. டிமென்ஷியா வருவது எச்சரிக்கையில் மட்டும்! அனுமதியே இல்லாததை எப்படித் துணிந்து எழுதுகிறார்கள்?

மாத்திரை டப்பா:
பதறாதீர்கள் அக்கா. அனுமதி இல்லாத நோய்க்கு எழுதுவதை ஆஃப் லேபிள் என்பார்கள், அப்படி என்றாலே மோசடி கிடையாது. அமிட்ரிப்டிலினுக்கு அமெரிக்காவில் இன்றும் மனச்சோர்வுக்கு மட்டும்தான் அனுமதி, ஆனால் சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு உலகமெங்கும் அதைத்தான் எழுதுகிறார்கள், 10 மில்லிகிராம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைக் கடையில் தினம் பார்க்கிறேன். காப்புரிமை முடிந்த மருந்துக்குப் புது அனுமதி வாங்க எந்தக் கம்பெனி காசு செலவழிக்கும்?

ஒத்தைக் குயில்:
செலவழிக்க மாட்டான், விற்க மட்டும் ஓடி வருவான். க்யூட்டியாபின் வகையைச் சேர்ந்த ஓலான்சபினை டிமென்ஷியா முதியவர்களுக்குத் தள்ளிய குற்றத்தை எலி லில்லி கம்பெனி 2009இல் ஒப்புக்கொண்டது, மொத்தம் 140 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அமெரிக்காவில் அனுமதி இல்லாததை டாக்டர் எழுதலாம், கம்பெனி பரப்பக் கூடாது. பரப்பியதைக் கேட்டுத்தானே டாக்டரும் எழுதுகிறார்?

மாத்திரை டப்பா:
எல்லா டாக்டரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

திண்ணைக்காரி:
மூட்டை இருக்கட்டும். 2005இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த வகை மருந்துகளுக்குக் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது எதற்கு? 17 ஆய்வுகள், பெரும்பாலும் 10 வாரம். மருந்து சாப்பிட்ட டிமென்ஷியா முதியவர்களில் சுமார் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6. இதை எனக்கு யாருமே சொல்லவில்லையே.

மாத்திரை டப்பா:
சொல்லாதது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் கத்தியைத் தூக்குகிற நோயாளியும் உண்டு, அந்த வீட்டில் போய் அனுமதிச் சீட்டைக் காட்ட முடியாது. அதற்காகத்தான் ஐரோப்பாவில் இதே வகையைச் சேர்ந்த ரிஸ்பெரிடோனுக்கு அனுமதியே இருக்கிறது, அதுவும் 6 வாரம் வரைதான். வெறும் தூக்கத்துக்கு என்றால் நானும் யோசிப்பேன். மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு, வலி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாரா? சீட்டில் எத்தனை வாரம் என்று இருக்கிறது? நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், போய்க் கேளுங்கள்.

திண்ணைக்காரி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ‘தொடரவும்’ என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.