மெய்நிகர் ஸ்விட்ச்சுக்கு 'ஆளி' வேண்டாம், 'துறைமாற்றி' வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம். விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள்ள மென்பொருளா ஓடுற இன்னொரு கணினி) நெட்வொர்க் சொற்களைத் தமிழாக்குறதுல மெய்நிகர் கணினி, பிணைய அட்டை, திசைவி எல்லாம் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, அதுல கை வைக்க வேண்டாம். ஸ்விட்ச்சுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. ஆளி, சொடுக்கி, நிலைமாற்றின்னு எதைப் போட்டாலும் படிக்கிறவங்களுக்கு லைட் போடுற ஸ்விட்ச்தான் ஞாபகம் வரும்.

இந்த ஸ்விட்ச் செய்யற வேலையே வேற. ஒரு போர்ட்ல (கேபிள் செருகுற மாதிரியான இணைப்பிடம்) ஃப்ரேம், அதாவது ஒரு தரவுப் பொட்டலம், உள்ள வருது, அதுல இருக்கிற சேருமிட மேக் முகவரியை (பிணைய அட்டையோட அடையாள எண்) பாக்குது, அந்த முகவரி முன்னாடி எந்தப் போர்ட்ல தென்பட்டுச்சுன்னு தன் அட்டவணைல தேடி அந்தப் போர்ட் வழியா மட்டும் வெளிய விடுது, அட்டவணைல இல்லன்னா வந்த போர்ட்டைத் தவிர மத்த எல்லாத்துலயும் விடுது. லினக்ஸ் பிரிட்ஜ்ல (லினக்ஸுக்குள்ள மென்பொருளாவே இருக்கிற ஸ்விட்ச்) கத்துக்கிட்ட முகவரி 300 நொடி சத்தமே இல்லாம கிடந்தா தானா அழிஞ்சிரும். இதுல ஆன் எங்க, ஆஃப் எங்க? ஒரு துறைல, அதாவது போர்ட்ல, வந்ததை இன்னொரு துறைக்கு மாத்துறதுதான் முழு வேலையும். அதனால துறைமாற்றி, மெய்நிகர் துறைமாற்றி.

அரசாங்கத் துறை மாதிரி கேக்குதுன்னு சிலர் சொல்லலாம். போர்ட்டுக்கு துறைன்னு நாம எப்பவோ எழுத ஆரம்பிச்சாச்சு, சேத்து ஒரே சொல்லா எழுதினா குழப்பம் வராது. டிசிபி (இணையத்துல தரவு அனுப்புற ஒரு நெறிமுறை) போர்ட் 80, 443 எல்லாம் வெறும் எண்ணுங்கிறதால அதைத் துறை எண்ணுன்னே சொல்லிக்கலாம்.

அடுத்தது டேப் (TAP), மென்பொருளால ஆன ஒரு பிணைய இணைப்பு. இதைத் தமிழ்ல 'குழாய்'னு போட்டது எனக்குச் சரியாப் படல, ஒரு நிரலோட வெளியீட்டை இன்னொண்ணுக்குக் குடுக்கிற பைப்புக்கு ஏற்கனவே அந்தப் பேரு இருக்கு. லிப்விர்ட் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கிற மென்பொருள்) போட்டிருக்கிற கணினில வழக்கமா விர்பிஆர்0-ன்னு ஒரு பிரிட்ஜ் 192.168.122.1 முகவரியோட இருக்கும். ஒரு மெய்நிகர் கணினியை ஸ்டார்ட் பண்ணுங்க, விநெட்0-ன்னு புதுசா ஒண்ணு முளைச்சு அந்தப் பிரிட்ஜ்ல போய் ஒட்டிக்கும். அதுதான் டேப். அதோட ஒரு பக்கம் பிரிட்ஜ்ல செருகியிருக்கு, மறுபக்கம் ஃப்ரேம்களை க்யூஎமு (மெய்நிகர் கணினியை ஓட்டுற நிரல்) ஒரு ஃபைலைப் படிக்கிற மாதிரி படிச்சு உள்ள இருக்கிற 52:54:00-ன்னு தொடங்குற மேக் முகவரி கொண்ட அட்டைகிட்ட குடுக்குது. அதனால 'செருகுமுனை'. கன்டெய்னர்ல (நிரலைத் தனியா அடைச்சு ஓட்டுற சூழல்) வர்ற விஈத் (veth) ஜோடி, ஒரு முனைல போட்டது மறுமுனைல வர்றது, அதுக்கு 'இரட்டைமுனை'. ரெண்டும் ஒரே குடும்பம்னு பேர்லயே தெரியணும்.

பிரிட்ஜ் பாலமாவே இருக்கட்டும், வேலை துறைமாற்றியோடதுதான்னாலும் கட்டளைகள்ல, ஆவணங்கள்ல அந்தப் பேர்தான் வருது. NAT-க்கு (பொட்டலத்துல இருக்கிற ஐபி முகவரியை வழியிலயே மாத்துறது) 'முகவரிப் பெயர்ப்பு' ஓகேவா? மெய்நிகர் கணினிகள் ஓடுற இயந்திரமான ஹோஸ்ட்டுக்கு மட்டும் எனக்கு ஒண்ணும் அமையல, 'ஓம்புநர்'ங்கிறது ஆளைச் சொல்ற மாதிரி இருக்கு, இயந்திரத்துக்குப் பொருந்துற சொல் யார்கிட்டயாவது இருந்தா குடுங்க.