கார்க் – கெர்ரி மைனர் ஃபுட்பால்: மைதானத்தில் கவனித்ததை எழுதுங்கள்

அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் (பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஐரிஷ் ஆட்டம், அணிக்கு 15 பேர்) பார்க்கிறவர்களுக்கு கார்க், கெர்ரி என்ற இரண்டு மாவட்டங்களின் பகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். சிவப்பு-வெள்ளை ஒரு பக்கம், பச்சை-பொன் ஒரு பக்கம். ஆனால் பெரும்பாலோர் எழுதுவது சீனியர் ஆட்டத்தைப் பற்றித்தான். இந்த இழை மைனர் ஆட்டத்துக்கு, அதாவது பதின்வயசுப் பையன்கள் ஆட்டத்துக்கு மட்டும்.

"செம மேட்ச்", "ரெஃப்ரிக்குக் கண் தெரியல" என்பதெல்லாம் வேண்டாம். ஆட்டம் எந்த இடத்தில் திரும்பியது, ஏன் திரும்பியது, அடுத்த முறை பார்க்கப் போகிறவர் எதைக் கவனிக்கணும் என்று எழுதுங்கள். இன்னொன்று, பையன்கள் பெயரை எழுதாதீர்கள். ஜெர்சி எண் போதும். வென்றவனைப் புகழ்வதற்கானாலும் சரி. இந்த வயசில் இணையத்தில் பெயர் அடிபடுவது நல்லதல்ல.

வயசுக் கணக்கில் எப்போதும் ஒரு குழப்பம் வருகிறது. 2017 வரை மாவட்ட அளவில் மைனர் என்றால் 18 வயதுக்குக் கீழ். 2018இலிருந்து 17 வயதுக்குக் கீழ். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று 17 நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் ஏப்ரல், மே மாதத்தில் களத்தில் 17 முடிந்த பையனும் இருப்பான், போன வருஷம்தான் 15 முடித்தவனும் இருப்பான். தோள் அகலத்தைப் பார்த்து "இவன் வயசு பொய்" என்று கிளம்ப வேண்டாம்.

—

முதல் பதிலாக கிக்-அவுட்டையே எடுத்துக்கொள்கிறேன், அதாவது ஸ்கோர் விழுந்ததும் அல்லது பந்து பின்னெல்லை தாண்டிப் போனதும் கோல்கீப்பர் உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது. மைனர் ஆட்டத்தை முடிவு பண்ணுவது அதுதான், ஸ்டார் ஃபார்வர்டு இல்லை.

2025 சீசனில், விதிகளை மறுபார்வை செய்த ஜிம் கேவின் குழுவின் புது விதிகள் வந்ததிலிருந்து, கோல்கீப்பர் 20 மீட்டர் கோட்டிலிருந்து உதைக்கும் பந்து 40 மீட்டர் ஆர்க்கைத் தாண்டியாகணும். காதில் கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆர்க் என்பது கோல் நடுவிலிருந்து 40 மீட்டர் ஆரத்தில் போட்ட வளைவு. நேர் முன்னால் உதைத்தால் 20 மீட்டரிலேயே அதைத் தாண்டிவிடும். ஆனால் அங்கேதான் எதிரணி கூட்டமாக நிற்கும். பக்கவாட்டில் உதைத்தால்? 20 மீட்டர் கோட்டுக்கு இணையாக அடித்தால் ஆர்க்கைத் தொடவே சுமார் 35 மீட்டர் பந்து போகணும். மைதானம் 80 முதல் 90 மீட்டர் அகலம். அப்படியென்றால் ஆர்க்குக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஐந்து முதல் பத்து மீட்டர் இடுக்கு. நல்ல கீப்பர் குறி வைப்பது அந்த இடுக்கைத்தான்.

பதினாறு வயது கீப்பரிடம் தப்புவது இரண்டு. முதலாவது, பந்தின் அடியில் பாதம் அதிகம் போய்விடுகிறது. பந்து மேலே எழும்பித் தொங்கும். வாங்க வேண்டிய விங்-பேக் (ஓரத்தில் ஆடும் தடுப்பாட்டக்காரன், 5 அல்லது 7 எண்) நின்றுகொண்டு காத்திருப்பான், அதற்குள் எதிராளி வந்து சேர்ந்துவிடுவான். தாழ்வாக, நெஞ்சு உயரத்தில் போகிற பந்துதான் உதவும். இரண்டாவது, அவசரம். எதிரணி இப்போதுதான் ஒரு டூ-பாயிண்டர் (ஆர்க்குக்கு வெளியிலிருந்து அடித்த 2 பாயிண்ட்) போட்டிருக்கும், கூட்டம் கத்திக்கொண்டிருக்கும், கீப்பர் பந்தை வைத்த உடனே உதைப்பான். சகாக்கள் இன்னும் திரும்பிக்கூட இருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை ஒன்று செய்து பாருங்கள். கீப்பர் பந்தை வைக்கும்போது அவனைப் பார்க்காதீர்கள், 5, 7 எண் ஜெர்சியைப் பாருங்கள். கார்னர்-பேக் (கோலுக்கு அருகே ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரன்) தன் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போக, விங்-பேக் அந்த இடுக்குக்கு வெளியிலிருந்து ஓடி வந்தால் அது பழகிய அணி. இருவரும் நின்ற இடத்திலேயே கை தூக்கினால், பந்து நீளமாக நடுவில்தான் போகும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நீளமாகப் போனால் மிட்ஃபீல்டர்கள் 8, 9 இரண்டு பேரும் எகிறுவார்கள். சுத்தமாகப் பிடித்தால் மார்க், அதாவது நின்று தடையில்லாமல் உதைக்கும் உரிமை. மைனரில் பாதிக்கு மேல் சுத்தமாகப் பிடிபடாது, சிதறி விழும். சிதறும் பந்து விழுவது எகிறினவர்கள் காலடியில் அல்ல, நாலைந்து மீட்டர் தள்ளி. அங்கே எந்த அணியின் ஹாஃப்-ஃபார்வர்டுகள் (மிட்ஃபீல்டுக்கு முன்னால் ஆடும் 10, 11, 12 எண்) நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வெறுமனே எகிறுகிற உயரத்தை வைத்து மிட்ஃபீல்டரைப் புகழ்வது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

—

மேலே சொன்னதில் பாதி சரி. கிக்-அவுட்டைக் காற்று இல்லாமல் பேச முடியாது.

இப்போது ஆர்க்குக்கு வெளியிலிருந்து அடித்து, இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே பாருக்கு (குறுக்குக் கம்பத்துக்கு) மேலே போனால் 2 பாயிண்ட். கோல் பக்கத்தில் நிற்கும் அம்பயர் ஆரஞ்சுக் கொடி தூக்குவார். ஒரு பாயிண்டுக்கு வெள்ளை, கோலுக்குப் பச்சை. கோல் என்றால் பழையபடி 3. பின்னெல்லையில் தடுப்பவர் மேல் பட்டு வெளியே போனால் கிடைக்கும் 45 மீட்டர் கிக்குக்கு மட்டும், அது ஆர்க்குக்கு வெளியே இருந்தாலும், 1 தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தப்பாகக் கூட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்.

மைனர் ஆட்டம் பாதிக்கு 30 நிமிஷம். காற்றோடு ஆடும் பாதியில் ஆறு பாயிண்ட் முன்னிலை வைத்தால் இப்போது அது முன்னிலையே இல்லை. மூன்று உதையில் போய்விடும். இடைவேளையில் ஸ்கோர் போர்டைப் பார்ப்பதற்கு முன் கம்பத்தில் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் காற்று இருக்கிறதே என்று எல்லாரும் வெளியிலிருந்து அடிக்கக் கூடாது. பந்து 480 முதல் 500 கிராம், அதுவும் உலர்ந்த கணக்கு. மழையில் நனைந்து, ஐம்பது நிமிஷம் ஓடின காலோடு 40 மீட்டர் அடிப்பது இந்த வயசில் கஷ்டம். தப்பு உதையில் இல்லை, கையிலிருந்து பந்தை விடுவதில். களைத்தவன் பந்தை நெஞ்சு உயரத்திலிருந்து விடுவான். கீழே வருவதற்குள் காற்று அதை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும், பாதத்தின் ஓரத்தில் பட்டு வளைந்துவிடும். இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டு அடிப்பவனுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

குட்டையாக விழுந்தால் வெறும் நஷ்டம் மட்டுமல்ல. கீப்பர் கையில் விழும். அது கிக்-அவுட் இல்லை, ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் நேரே நீளமாக அடிப்பான். மறுமுனையில் மூன்று ஃபார்வர்டுகள் விதிப்படி நின்றே ஆகணும். எதிரில் காவல் குறைவு, சுற்றிலும் வெட்டவெளி. 2 போடப் போய் 3 வாங்கிக்கொள்வது இப்படித்தான். கடைசிப் பத்து நிமிஷத்தில் பல மைனர் ஆட்டங்கள் இதில்தான் கவிழ்கின்றன.

—

அந்த "மூன்று பேர்" விதியைக் கொஞ்சம் விளக்குங்க. முதல் முறை பார்க்கிறவங்களுக்குப் புரியாது.

—

ஒவ்வொரு அணியும் எதிரணிப் பாதியில் குறைந்தது மூன்று பேரை எப்போதும் விட்டு வைக்கணும். தன் பாதியில் கீப்பரோடு சேர்த்து நால்வர் இருக்கணும். மீறினால் எதிரணிக்கு 20 மீட்டர் கோட்டில் ஃப்ரீ (ஃப்ரீ கிக்). கிட்டத்தட்ட இலவச பாயிண்ட்.

பெரியவர்கள் ஆட்டத்தில் இதை ஓரளவு பழகிவிட்டார்கள். பையன்கள் மாட்டுவது பந்து பறிபோகிற நொடியில். 10 அல்லது 12 எண் பையன் தன் ஆளைத் துரத்திக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டிவிடுவான். நல்ல எண்ணத்தில் செய்கிற பிழை. தன் பாதியில் இருக்கும் இன்னொருவன் உடனே மேலே போகணும், யாரும் கத்திச் சொல்லவில்லையென்றால் போக மாட்டான். இதைக் கத்துகிற வேலையை ஃபுல்-ஃபார்வர்டுக்குக் கொடுத்திருக்கிற அணி கெட்டிக்கார அணி. 14 எண் பையன் வாய் மூடாமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் அதுதான் விஷயம், திமிர் இல்லை.

—

ஃப்ரீ கொடுக்கிற விஷயத்தில் இரண்டு மூன்று சொல்லணும்.

டாக்கிள் என்றால் திறந்த கையால் பந்தைத் தட்டலாம், தோளுக்குத் தோள் மோதலாம், மோதும்போது ஒரு காலாவது தரையில் இருக்கணும். கட்டிப் பிடித்தால் ஃப்ரீ. சோர்ந்த பையன் காலை நகர்த்தாமல் கையை நீட்டுவான். கை தானாகச் சுற்றிக்கொள்ளும். "அவன் ஒண்ணுமே பண்ணலையே" என்று கூட்டம் கத்துவது பெரும்பாலும் இந்த ஃப்ரீக்குத்தான். ரெஃப்ரி சொன்னதே சரியாக இருக்கும்.

அடுத்தது 50 மீட்டர். ரெஃப்ரியிடம் வாக்குவாதம் பண்ணினாலோ, விசில் அடித்த பிறகு பந்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாலோ, தூக்கி எறிந்தாலோ, ஃப்ரீ 50 மீட்டர் முன்னால் போகும். நடுக்களத்தில் ஒன்றுமில்லாத ஃப்ரீ ஒரே நொடியில் கோல் முன்னால் வந்து நிற்கும். பழைய பழக்கத்தில் பந்தைப் பின்னால் தள்ளிவிடுகிற கை இன்னும் போகவில்லை. ரெஃப்ரியிடம் பேசுவது கேப்டன் வேலை. ஆனால் தம்பியை இடித்துவிட்டான் என்று அண்ணன் போய் நிற்பான்.

ஃப்ரீ கிடைத்தவன் பந்தைத் தரையில் வைக்காமல் உடனே தானே சோலோ எடுத்து (பந்தைக் கால் நுனியில் உதைத்துக் கைக்கு எடுத்தபடி) ஓடலாம். நாலு மீட்டர் வரை யாரும் தொடக் கூடாது. எதிரணி பேசிக்கொண்டிருக்கும்போது இவன் போய்விடுவான். கார்க்–கெர்ரி ஆட்டத்தில் வாய்ச்சண்டை இருப்பதால் இதற்கு மதிப்பு இரட்டிப்பு.

வேண்டுமென்றே காலை வாரினால், இழுத்து விழுத்தினால் பிளாக் கார்டு, பத்து நிமிஷம் வெளியே. முப்பது நிமிஷப் பாதியில் பத்து நிமிஷம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மவுத்கார்டு கட்டாயம் என்பதும் பலருக்குத் தெரியாது. 2013இலிருந்து மைனர் வரை, மறு வருஷம் எல்லாருக்கும். போடாமல் இருந்தால் ரெஃப்ரி எச்சரிப்பார், கேட்காவிட்டால் வெளியே அனுப்பலாம்.

—

ஈர மைதானத்தில் பந்து ஏன் இவ்வளவு பறிபோகிறது என்று போன இழையில் ஒருவர் கேட்டிருந்தார். கையில் பந்தோடு நாலு எட்டுக்கு மேல் வைக்க முடியாது. தரையில் ஒரு தட்டு தட்டணும், அல்லது கால் நுனியில் உதைத்துக் கைக்கு எடுக்கணும். தொடர்ந்து இரண்டு முறை தரையில் தட்டக் கூடாது. ஈரத்தில் தரைத்தட்டு எழும்பாது, அதனால் எல்லாரும் கால் சோலோவுக்குப் போவார்கள். அது இடுப்புக்கு மேல் வந்தால் பக்கத்தில் ஓடுபவன் தட்டிவிடுவான். முழங்கால் உயரத்தில் வைத்திருப்பவன் பிழைப்பான். தரையில் கிடக்கும் பந்தை நேராகக் கையால் அள்ளக் கூடாது, கால் நுனியை அடியில் கொடுத்துத்தான் எடுக்கணும். ஈரத்தில் கால் நழுவும், கை முந்தும், விசில்.

—

மன்ஸ்டர் (கார்க், கெர்ரி இருக்கும் மாகாணம்) ஃபைனலை வைத்து வருஷத்தையே முடிவு பண்ணுகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2019இல் கார்க்கின் பார்க் ஈ கீவ் மைதானத்தில், சீனியர் ஃபைனலுக்கு முன்னால் நடந்த மைனர் ஃபைனலில் கெர்ரி கார்க்கைத் தோற்கடித்தது. அதே கார்க் பின்வழியாக (மாகாண ஃபைனலில் தோற்றவர்களுக்கும் கிடைக்கும் வாய்ப்பில்) வந்து டப்ளின் க்ரோக் பார்க்கில் அகில அயர்லாந்து ஃபைனலில் கால்வேயை எக்ஸ்ட்ரா டைமில் 3-20க்கு 3-14 (முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட்) என்று வென்று டாம் மார்க்கம் கோப்பையைத் தூக்கியது. அதற்கு முந்தைய ஐந்து வருஷமும், 2014 முதல் 2018 வரை, கோப்பை கெர்ரியிடம்.

ஒரே பையன் ஆட்டத்தை முடிப்பான் என்பதும் எப்போதாவது நடக்கும். 2017 ஃபைனலில் டெரிக்கு எதிராக டேவிட் கிளிஃபர்ட் மட்டும் 4-4, அதாவது 16 பாயிண்ட். கெர்ரி மொத்தம் 6-17. ஆனால் அது விதிவிலக்கு, அதை அளவுகோலாக வைத்து மற்றப் பையன்களை எடை போடுவது அநியாயம்.

—

போகிறவர்களுக்கு. மைனர் ஆட்டம் பெரும்பாலும் வாரநாள் மாலையில். கார்க் நகரிலிருந்து கெர்ரியின் ட்ரலீ சுமார் 120 கிலோமீட்டர், என்22 வழி. மக்ரூம் புறவழிச்சாலை வந்த பிறகு அந்த ஊருக்குள் மாட்டிக்கொள்வது இல்லை, ஆனால் கில்லார்னி பக்கம் மாலையில் மெதுவாகத்தான் நகரும். ரயிலில் போனால் திரும்பி வரும் கடைசி வண்டியை முதலில் பாருங்கள், எக்ஸ்ட்ரா டைம் இரண்டு பத்து நிமிஷப் பாதிகள் என்பதையும் சேர்த்து.

கார்க்கில் மைனர் ஆட்டம் பல தடவை பார்க் ஈ ரின் மைதானத்தில். சுற்றிலும் வீடுகள், கார் நிறுத்த இடம் குறைவு. வீட்டு வாசலை மறித்து நிறுத்தினால் அந்தத் தெருக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள், விடவும் வேண்டாம். தள்ளி நிறுத்திவிட்டு நடங்கள்.

டிக்கெட் ஆன்லைனில். வாசலில் காசு கொடுத்து நுழையலாம் என்று நம்பிப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு இலவசம் என்றாலும் அவர்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரோகிராம் புத்தகம் வாங்கினால் பேனாவும் எடுத்துப் போங்கள். அச்சிட்ட 15 பேர் அப்படியே களமிறங்குவது அபூர்வம். த்ரோ-இன்னுக்கு (ரெஃப்ரி பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவது) சற்று முன் ஒலிபெருக்கியில் மாற்றங்களைச் சொல்வார்கள், ஒரே முறைதான், அதுவும் வேகமாக. 21 எண் ஜெர்சி போட்டவன் சென்டர்-பேக்காக நிற்பான். எண்ணைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாமல், யார் யாரைக் காவல் காக்கிறார்கள் என்று முதல் ஐந்து நிமிஷத்தில் குறித்துக்கொண்டால் மீதி ஆட்டம் புரியும்.