கேமராவுக்குச் சென்று திரும்பினால் படிவம் வெறுமையாகிவிடுகிறது

கேள்வி (மன்னார்குடி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் விவசாயிகள் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் முன் விவரங்களைக் குறித்துவைக்க ஆண்ட்ராய்டில் ஒரு செயலி எழுதியிருக்கிறேன். சர்வே எண், குறுவையா சம்பாவா, எத்தனை மா நிலம், 40 கிலோ சிப்பங்கள் எத்தனை என்று நிரப்பிவிட்டு, அடங்கலை (கிராமப் பயிர்ப் பதிவேட்டு நகல்) படமெடுக்கக் கேமராவைத் திறந்து திரும்பினால், சிலருடைய கைப்பேசியில் எல்லாம் அழிந்துவிடுகிறது. மதிப்புகள் வியூமாடலில்தான் (திரைக்கான தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதி) இருக்கின்றன. திரையைச் சுழற்றினால் அழிவதில்லை. என் கைப்பேசியில் இது ஒருமுறைகூட நேரவில்லை. களத்துமேட்டில் ஒரு பெரியவர் அதே எண்ணை மூன்றாம் முறை தட்டியதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மறுமொழி 1 (தஞ்சாவூர்):
திரையைச் சுழற்றும்போது ஆக்டிவிட்டி (செயலியின் திரை) மட்டுமே அழிந்து மீண்டும் உருவாகிறது. பிராசஸ் (நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயலி) உயிரோடு இருப்பதால் வியூமாடலும் நிலைக்கிறது. கேமரா நிறைய நினைவகம் கேட்பதால், ராம் குறைந்த கைப்பேசிகளில் பின்னணிக்குப் போன உங்கள் செயலியின் பிராசஸையே ஆண்ட்ராய்டு நிறுத்திவிடுகிறது. அதோடு வியூமாடலும் போய்விடும்; திரும்பி வரும்போது, சேமித்துவைத்த பண்டில் (திரைநிலையின் சிறு தரவுத் தொகுப்பு) மட்டுமே கைக்குக் கிடைக்கும். ஆகவே மதிப்புகளை, அந்தப் பண்டிலில் சேமிக்க உதவும் சேவ்டுஸ்டேட்ஹேண்டில் வழியாக வைத்திருங்கள். படம் எழுதப்படும் கோப்பின் யூஆர்ஐயையும் (முகவரி) மறவாமல் அதிலேயே வையுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, படம் எங்கே போயிற்று என்று தேடுகிறார்கள்.

உங்கள் கைப்பேசியிலேயே சோதிக்க, படிவத்தைப் பாதி நிரப்பி ஹோம் பொத்தானை அழுத்துங்கள். கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை தரும் ஏடிபி ஷெல்லில், பின்னணிப் பிராசஸை நிறுத்தும் 'ஏஎம் கில்' கட்டளையோடு செயலியின் பேக்கேஜ் பெயரைக் கொடுத்துவிட்டு, அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள்.

மறுமொழி 2 (கும்பகோணம்):
மேலே சொன்னது சரி. ஆனால் படத்தையே சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் திணித்துவிடாதீர்கள். அதிலுள்ளது பைண்டர் (பிராசஸ்களுக்கிடையே தரவு கடத்தும் வழி) மூலமாகவே ஆண்ட்ராய்டுக்குப் போகிறது. பைண்டர் வழியாகச் செல்லும் தரவுக்கு ஒரு பிராசஸுக்கு மொத்தமாக 1 எம்பி இடம்தான் உண்டு; அளவு மீறினால் ஆண்ட்ராய்டு 7 முதல் செயலியே முறிந்துவிடும்.

இன்னொன்று: பயனர் செயலியைப் பட்டியலிலிருந்து தள்ளி நீக்கினால், சேமித்த திரைநிலையும் போய்விடும். நெல் மூட்டைகளோடு நாள்கணக்கில் காத்திருக்கும் விவசாயி மறுநாள் வந்து மீதியை நிரப்பக்கூடும் என்பதால், இந்தப் படிவத்தை வரைவாகக் கைப்பேசியிலேயே இருக்கும் ரூம் தரவுத்தளத்தில் எழுதுவதே முறை என்பது என் கருத்து. வரைவின் எண்ணை மட்டும் சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் வைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கட்டளையைக் கொடுத்ததும் என் கைப்பேசியிலும் படிவம் வெறுமையானது. வரைவை ரூமுக்கு மாற்றி, ஒவ்வொரு கட்டத்தை விட்டு நகரும்போதும் எழுதும்படி செய்தேன்; இப்போது சிப்பக் கணக்கும் அடங்கல் படமும் அப்படியே திரும்புகின்றன.