ரூம் டோன்: 'பின்னணி இரைச்சல்' வேண்டாம், 'ஒலிப்படுகை' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் யாரும் பேசாதபோதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒலியைத்தான் ரூம் டோன் என்கிறோம். அதற்குத் தமிழில் 'பின்னணி இரைச்சல்' என்று போட்டுவிடலாம் என்று இங்கே வந்த முன்மொழிவை இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், எனக்குச் சரிப்படவில்லை. அந்தப் பெயரை வைத்தால் வேலையே தப்பாகப் போகும் என்பதுதான் என் கவலை.

இரைச்சல் என்று சொன்னாலே கை அதை அழிக்கப் போகும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். நண்பர்களோடு எடுத்த ஒரு குறும்படத்தில் இரண்டு பேர் சமையலறையில் நின்று பேசும் காட்சி, பின்னால் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. வசனங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை எல்லாம் வெட்டிப் பூஜ்ஜியமாக்கிவிட்டேன். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டியதும் தெரிந்தது: ஒவ்வொரு வசனம் தொடங்கும்போதும் கூடவே ஓர் 'உம்' ஏறிவருகிறது, வசனம் முடிந்ததும் சட்டென்று அறுந்துபோகிறது, யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி. விடாமல் ஓடிக்கொண்டிருந்தவரை யாரும் கவனிக்காத ஃபிரிட்ஜ், நான் சுத்தம் செய்தபிறகுதான் எல்லார் காதிலும் விழுந்தது.

கடைசியில் கைகொடுத்தவை 'ஆக்‌ஷன்' சொன்னதற்கும் முதல் வசனத்துக்கும் நடுவே கிடந்த சில நொடிகள். ஒவ்வொரு டேக்கிலிருந்தும் அவற்றைப் பொறுக்கி, ஒன்றின் கடைசியும் அடுத்ததன் தொடக்கமும் மேலேறி மங்கும்படி ஒட்டி, அந்த இடைவெளிகளில் நிரப்பினேன் (ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும், அப்படியும் முயன்று பார்த்தேன்). படப்பிடிப்பிலேயே எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, மைக்கையும் லெவலையும் மாற்றாமல், 30 நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை சும்மா பதிந்து வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

'மென்பொருளே அதை இரைச்சல் என்றுதானே எடுத்துக்கொள்கிறது' என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பேச்சில்லாத ஒரு துண்டைத் தேர்ந்து மாதிரியாகக் கொடுக்கிறோம், அந்த மாதிரியை வைத்துத்தான் அது வசனத்திலிருக்கும் இரைச்சலைக் குறைக்கிறது. ஆனால் அதே துண்டைத்தான் பிறகு இடைவெளியில் நிரப்பவும் எடுக்கிறோம். மென்பொருளுக்குக் கொடுக்கும்போது 'இரைச்சல் மாதிரி' என்று சொல்லிக்கொள்ளலாம், அது அந்த நேரத்து வேலைக்கான பெயர். பொருளுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டால் நிரப்புகிற வேலை யாருக்கும் தோன்றாது. அதோடு, முழுவதையும் துடைத்தெடுக்கப் பார்த்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குமிழியிடத் தொடங்கிவிடும். 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மிச்சம் இருப்பது இருக்கட்டும். நிரப்பும் துண்டையும் அதே அளவு குறைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளி வசனத்தைவிட உரக்கக் கேட்கும்.

அப்புறம், சொல்லுக்கு வருகிறேன். 'அறையொலி' முதலில் எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் கன்னத்தில் அறையும் ஒலியையும் அது குறிக்கும், படவேலையில் அந்த ஒலி அடிக்கடி தேவைப்படுவது. திறந்தவெளிக் காட்சிக்கும் பொருந்தாது. 'இடவொலி' என்றால் ஸ்டீரியோவில் இடப்பக்கத்து ஒலி என்று படிப்பார்கள். களம், ஒலி இரண்டையும் புணர்த்தினால் 'களவொலி' என்றாகித் திருட்டைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. 'அடியொலி'யிலும் அடிக்கிற சத்தம் ஒட்டிக்கொள்கிறது. 'மௌனம்' சேர்த்து ஏதாவது சொல்லலாம் என்றால், அங்கே மௌனம் இல்லை என்பதுதானே விஷயமே.

'ஒலிப்படுகை' என்று வைக்கலாமா? ஆற்றில் தண்ணீர் ஓடும்போது படுகை கண்ணில் படாது, தண்ணீர் நின்றதும் தெரியும். வசனம் ஓடும்போது அடியில் கிடக்கிறது, வசனம் நின்ற இடத்தில் அதுதான் கேட்கிறது. படுகையைத் தோண்டி எடுத்துவிட்டால் குழி விழும், நான் அந்தக் காட்சியில் கேட்டதும் குழிகளைத்தான். அறைக்கும் பொருந்தும், தெருவுக்கும் பொருந்தும். வாயிலும் தடங்கலில்லாமல் வருகிறது: 'கிளம்புமுன் படுகை எடுத்துவிடுங்கள்', 'இந்த ஷாட்டுக்குப் படுகை இல்லை', 'வசனத்துக்கடியில் படுகை போடு'. படுகை என்ற சொல் நிலவியலில் ஏற்கெனவே இருக்கிறது என்பது தெரியும். ஒலிக்கலவையில் உட்கார்ந்திருப்பவர் நிலவியலோடு குழப்பிக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டு சொற்களை மட்டும் இதோடு கலக்காமல் இருக்க வேண்டும். நாய்ஸ் ஃப்ளோர் என்பது ஒலிப்பதிவின் அடியில் எப்போதும் இருக்கும் இரைச்சலின் அளவு, டெசிபலில் சொல்வது, அதற்கு 'அடியிரைச்சல்' போதும். ஆம்பியன்ஸ் என்பது பறவை, வண்டி, கூட்டம் என்று நாமாகச் சேர்க்கும் சூழல், அதற்குச் 'சூழலொலி' இருக்கட்டும். மின்கம்பியிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் படுகையில் சேராது, அது பழுது, அதை வடிகட்டி எடுக்கத்தான் வேண்டும்.

வேறு யாராவது வசன ஒலித்திருத்தம் செய்கிறவர்கள் இருந்தால், ஒரு வாரம் இந்தச் சொல்லை வேலைநேரத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எங்காவது நாக்கு தடுக்கினால் எந்த வாக்கியத்தில் தடுக்கியது என்று எழுதுங்கள்.