1781: ஆளுநர் ஜெஃபர்சன் கடமை தவறினாரா?

அகவன்:
அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1781 ஜனவரி 5 அன்று பெனடிக்ட் ஆர்னல்டின் பிரிட்டிஷ் படை, வர்ஜீனியாவின் புதிய தலைநகரான ரிச்மண்டுக்குள் ஏறக்குறைய எதிர்ப்பே இன்றி நுழைந்தது. வெஸ்ட்ஹாமில் இருந்த பீரங்கி வார்ப்பாலையையும் அது அழித்தது. கப்பல்கள் தென்பட்ட செய்தி டிசம்பர் 31 அன்றே ஆளுநர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எட்டியிருந்தும், மிலிஷியா எனப்படும் குடிப்படையைப் பெருமளவில் திரட்டும் ஆணை ஜனவரி 2 வரை பிறக்கவில்லை. விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் என்ற பெருமை அந்தத் தாமதத்தை மறைத்துவிடக் கூடாது.

முல்லைநிலவன்:
அவர் வகித்த பதவி எத்தகையது என்பதை விட்டுவிட்டுத் தாமதத்தை மட்டும் பார்க்கிறீர்கள். மன்னர் அனுப்பிய ஆளுநர்களிடம் பட்ட அனுபவத்தால், வர்ஜீனியாவின் 1776 அரசியலமைப்பை எழுதியவர்கள் ஆளுநரைச் சட்டமன்றமே ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் ஒருவராக்கி, சட்டங்களைத் தடுக்கும் அதிகாரத்தை அவருக்குத் தராமல், எட்டு உறுப்பினர் ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெற்றே குடிப்படையைத் திரட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். வர்ஜீனியாவின் பயிற்சி பெற்ற படைவீரர்களில் பெரும்பாலோர் 1780 மே மாதம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்டுவிட்டார்கள். எஞ்சியவர்கள் பண்ணைகளில் சிதறியிருந்த உழவர்கள். இதே போர்க்காலத்தில் நியூயார்க்கின் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் மக்கள் வாக்கால் மூன்றாண்டுக்குத் தேர்வானவர், படைத்தளபதியும் கூட. இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று.

அகவன்:
கிளின்டனை விடுங்கள், வர்ஜீனியாவிலேயே சான்று இருக்கிறது. அதே அரசியலமைப்பின் கீழ் ஜூன் 12 அன்று ஆளுநரான தாமஸ் நெல்சன், குழுவின் ஒப்புதலுக்குக் காத்திராமல் படைக்கு வேண்டியவற்றைத் திரட்டினார், பிரிட்டிஷ் படை சரணடைந்த யார்க்டவுன் முற்றுகையில் குடிப்படையையும் நடத்தினார். துணிவு இருந்தால் வழி இருந்தது.

முல்லைநிலவன்:
அந்தச் செயல்களைச் செல்லுபடியாக்கச் சட்டமன்றம் பின்னர் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்ததே என் வாதத்துக்குச் சான்று. வரம்பை மீறித்தான் நெல்சனால் செயல்பட முடிந்தது. வரம்புக்குள் நின்றவரைக் குற்றவாளியாக்கினால், பிழை அரசியலமைப்பை எழுதியவர்களுடையது ஆகிவிடும்.

செங்காந்தள்:
ஒரு திருத்தம். தம் இல்லமான மான்டிசெல்லோவிலிருந்து ஆளுநர் தப்பி ஓடினார் என்று இன்றும் எழுதுகிறார்கள். ஜெஃபர்சனின் பதவிக்காலம் ஜூன் 2 அன்றே முடிந்துவிட்டது. குடிப்படையைச் சேர்ந்த ஜாக் ஜூவெட் இரவெல்லாம் சுமார் 40 மைல் குதிரையோட்டி வந்து எச்சரித்த பின், பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் குதிரைப்படை வந்து சேர்ந்தது ஜூன் 4 அன்று.

அகவன்:
கோழை என்ற பழியை நானும் ஏற்கவில்லை. ஆனால் அடுத்தவர் தேர்வாகும் முன்பே அவர் விலகிக்கொண்டதால், குழு உறுப்பினர் வில்லியம் ஃபிளெமிங் சில நாள்கள் பொறுப்பைச் சுமக்க வேண்டியதாயிற்று. படைத்துறை அறிந்தவரே அப்போது தேவை என்று ஜெஃபர்சனே கருதினார். அந்தத் தெளிவு ஜனவரியில் வந்திருக்கலாம்.

முல்லைநிலவன்:
ஜூன் 12 அன்று ஜார்ஜ் நிக்கலஸ் கொண்டுவந்த விசாரணைத் தீர்மானத்துக்கு ஜெஃபர்சன் ஒளியவில்லை. டிசம்பரில் அவை உறுப்பினராகவே வந்து, குற்றச்சாட்டுகளைத் தாமே வாசித்து ஒவ்வொன்றுக்கும் விடையளித்தார். சட்டமன்றம் அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

அகவன்:
அந்த நன்றி யார்க்டவுன் வெற்றிக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் வந்தது. அரசியலமைப்பு அவர் கையைக் கட்டியது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் டிசம்பர் 31 அன்று முழு அளவில் படை திரட்டும்படி அவர் குழுவை வற்புறுத்தியிருந்தால், அதைத் தடுக்கும் விதி எதுவும் அதில் இல்லை.