கிருஷ்ணகிரி குடும்பக் குழு: நிலாக் கல்லுக்குள் என்ன இருக்கிறது?

தம்பி: அக்கா, கண்காட்சிக்கு நிலாக் கல் பற்றிச் சார்ட் எழுதுகிறேன். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. அமெரிக்காவோட அப்பல்லோ 16 விண்கலம் கொண்டுவந்தது, பேர் பிரெக்சியா. எரிமலைக் கல்லுன்னு எழுதட்டுமா?

பர்கூர் மாமா: பெரிசாக்கிப் பார்த்தேன். வெள்ளைத் துண்டும் கறுப்பும் கலந்து கிடக்கு. குவாரியில இப்படி ஒரு பிளாக் வந்தா பையர் தொடவே மாட்டான்.

அக்கா: எரிமலைன்னு எழுதாதேடா. 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 நிலாவின் டெகார்ட் மேட்டு நிலத்தில் இறங்கியபோது விஞ்ஞானிகளும் எரிமலைக் கல்லைத்தான் எதிர்பார்த்தார்கள். அதில் போன வீரர்கள் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் பொறுக்கியது பெரும்பாலும் இந்த பிரெக்சியா, அதாவது நொறுங்கின துண்டுகள் ஒட்டி இறுகின கல். விண்கல் மோதி உண்டானது.

ஓசூர் சித்தி: ஜல்லி போட்ட காங்கிரீட் மாதிரி இருக்கே பாப்பா!

அக்கா: அமைப்பு அதேதான் சித்தி. ஆனா சிமெண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. விண்கல் அடிக்கிற வேகத்தில் பாறை நொறுங்கும், ஒரு பகுதி உருகும். உருகினது நொறுங்கின துண்டுகளுக்கு நடுவே பாய்ந்து சட்டென்று இறுகிவிடும். அதுதான் ஒட்டவைக்கிறது. சில இடங்களில் கண்ணாடியாகவே உறைந்திருக்கும். தம்பி, துண்டுகளின் விளிம்பைப் பார். எல்லாமே கூராக இருக்கு. தென்பெண்ணையில் கிடக்கிற கல் உருண்டு வழவழப்பாகிவிடும்; அங்கே ஆறும் இல்லை, காற்றும் இல்லை.

பர்கூர் மாமா: வெள்ளைத் துண்டு என்ன கல்லும்மா?

அக்கா: அனார்த்தோசைட், மாமா. கிட்டத்தட்ட முழுக்க ஃபெல்ஸ்பார் என்கிற கனிமம்.

பர்கூர் மாமா: ஃபெல்ஸ்பார் நம்ம கிரானைட்டிலும் இருக்கே.

அக்கா: இருக்கு. நம்ம கிரானைட்டில் பொட்டாசியமும் சோடியமும் அதிகம், கூடவே குவார்ட்ஸ், மைக்கா. நிலாவில் இருப்பது கால்சியம் நிறைந்த வகை. குவார்ட்ஸ் மிக அரிது. மேட்டு நில பிரெக்சியா எடுத்தால் கால்சியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் தான் அதிகம். பைராக்சீன், ஆலிவின் என்கிற கனிமங்களும் கொஞ்சம் சேரும், அதில்தான் இரும்பும் மெக்னீசியமும் இருக்கு.

தம்பி: மோதின விண்கல் என்ன ஆச்சு?

அக்கா: பெரும்பகுதி ஆவியாகிடும். ஆனா தடயம் விட்டுட்டுப் போகும்டா, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நிலாவின் மேலோட்டில் இரிடியம், நிக்கல், தங்கம் மிகக் குறைவு. உருகி உறைந்த பகுதியில் அது கொஞ்சம் கூடுதலாக இருந்தால், வெளியிலிருந்து வந்ததுன்னு அர்த்தம். கல்லுக்குள் ஒரு கடிகாரமும் உண்டு: கதிரியக்கத் தனிமங்கள் எவ்வளவு சிதைந்திருக்குன்னு பார்த்து வயசு சொல்வார்கள். உருகின நேரத்தில் அது புதிதாக ஓடத் தொடங்கும். அப்படிக் கணக்குப் போட்டதில் பல மாதிரிகள் சுமார் 390 கோடி வருஷம் பழையவை.

ஓசூர் சித்தி: யப்பா!

பெரியப்பா: நம்ம சந்திரயான் என்ன சொல்லுச்சும்மா?

அக்கா: 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியது பெரியப்பா. பிரக்யான் ரோவர் 23 இடங்களில் மண்ணை அளந்தது. அங்கேயும் பெரும்பாலும் அனார்த்தோசைட்டு வகைதான், மெக்னீசியம் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். பழைய பெரிய மோதல் ஒன்று ஆழத்தில் இருந்ததை மேலே எடுத்துப் போட்டிருக்கலாம் என்கிறார்கள்.

பர்கூர் மாமா: அந்த வெள்ளைக் கல்லை இங்கே கண்ணால் பார்க்க முடியுமா?

அக்கா: முடியும் மாமா. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் இருக்கு. இஸ்ரோ அந்தப் பகுதிக் கல்லை அரைத்துத்தான் நிலா மண் போலத் தயாரித்து, லேண்டரையும் ரோவரையும் சோதித்தது.

பர்கூர் மாமா: நாமக்கல்லுக்கு அடுத்த வாரம் லோடு ஏத்துறோம். டிரைவர்கிட்ட சொல்லிக் கையளவு துண்டு வாங்கிவரச் சொல்றேன்.

தம்பி: மாமா, சார்ட் அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் வேணும்!

பர்கூர் மாமா: அதுக்குள்ள வந்துடும்பா.