மறு: ஓடைகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டருக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். ஓடை வாசிப்பானைத் தமிழாக்குவது பற்றிய பேச்சின் தொடர்ச்சி இது. ஓடை (feed) என்பது ஒரு தளத்தில் வரும் புதுப் பதிவுகளின் வரிசை; பல ஓடைகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தருவது திரட்டி.

> ‘ஓடை’ நிலைத்துவிட்டது, ‘திரட்டி’யும் நிலைத்துவிட்டது. ஃபோல்டருக்கு ‘வகை’ என்றே போட்டுவிட்டுப் போகலாமே?

பென்னாகரத்து அண்ணன் கேட்பது நியாயம்தான். இருபது முப்பது ஓடைகள் வைத்திருப்பவருக்கு அரசியல், விவசாயம், கணினி என்று மூன்று வகை போதும். சிக்கல், முந்நூறைத் தாண்டியவர்களுக்குத்தான். நாளிதழ் ஓடை விடிந்ததிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்து நடுகற்களைத் தேடித் தேடி எழுதுகிறவரோ இரண்டு மாதத்துக்கு ஒரு கட்டுரை போடுவார். இரண்டையும் ‘உள்ளூர்’ வகையில் சேர்த்து வைத்தால், ‘அனைத்தையும் படித்ததாகக் குறி’ பொத்தானை அழுத்தும்போது அந்த நடுகல்லும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் ஓடை பெருகப் பெருக, பொருளை விட்டுவிட்டு பதிவுகள் வரும் வேகத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்: தினம் மேலோட்டமாகப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமைக்கு, எப்போது வந்தாலும் விடக்கூடாதவை. இதை ‘வகை’ என்று எப்படிச் சொல்வது?

‘கோப்புறை’யும் எனக்கு ஒட்டவில்லை. கோப்பு ஓர் உறைக்குள்தான் இருக்கும். ஓடையைப் பல வாசிப்பான்களில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வைக்கலாம். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்பான் மூடப்பட்டபோது எல்லோரும் சந்தாக்களை ஓபிஎம்எல் (OPML) என்ற பட்டியல் கோப்பாக எடுத்துக்கொண்டுதானே வேறிடம் போனோம்? 2000-இல் வந்த அந்த வடிவத்தில் ஃபோல்டர் என்று தனியாக ஓர் உறுப்பே கிடையாது. தனக்குள் வேறு வரிகளை அடக்கிய வரிதான் ஃபோல்டர். ஒரே முகவரி இரண்டு தலைப்பின் கீழும் வரலாம்.

அரூர் நண்பர் சொன்ன ‘ஓடைப்பட்டி’ வேண்டாம். கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிடுவார்.

என் முன்மொழிவு ‘பாத்தி’. ஓடைத் தண்ணீரைப் பிரித்துவிடுவது பாத்திக்குத்தான். என்ன பயிர், எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் கட்டுகிறவர் விருப்பம். பொருள்வாரியாகவும் கட்டலாம், வேகத்தைப் பார்த்தும் கட்டலாம். ஒரே தண்ணீர் இரண்டு பாத்திக்கும் பாயும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் ‘உள்பாத்தி’. ஓடையை இடம் மாற்ற ‘மடை மாற்று’.

– தருமபுரியிலிருந்து

---

> ஓடையை இடம் மாற்ற ‘மடை மாற்று’.

அண்ணா, பாத்திக்கு என் ஓட்டு. மடைக்கு இல்லை. ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறவர்கள் எல்லோரும் சொட்டுநீர்தான். மண்வெட்டியோடு நின்று மடை மாற்றியதை எங்கள் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. ஆனால் குடிலுக்குள்ளும் செடி நிற்பது மேட்டுப்பாத்தியில். அந்தச் சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இன்னொன்று, ‘மடைமாற்றம்’ என்றால் இன்றைக்குச் செய்தித்தாளில் நிதியைத் திருப்பிவிட்ட புகார் என்றுதான் படிப்பார்கள். பொத்தானில் அது வேண்டாமே.

– ஓசூரிலிருந்து

---

நிதிப் புகார் நினைவுக்கு வரவில்லை தம்பி, மடையை எடுத்துவிட்டேன். ‘புதிய பாத்தி’, ‘உள்பாத்தி’, ‘வேறு பாத்திக்கு மாற்று’ மூன்றையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றுகிறேன். ஓபிஎம்எல் கோப்புக்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘ஓடைப் பட்டியல்’ போதும், ஏற்றுமதி இறக்குமதி ஏற்கெனவே இருக்கிறது.

மீதி இருப்பது நீக்கும் பொத்தான். அதில் இரண்டு செயல் உண்டு. ஒன்று, பிரிவை மட்டும் எடுத்துவிட்டு ஓடைகளை வெளியே விடுவது. மற்றொன்று, உள்ளே இருக்கும் சந்தாக்களையும் சேர்த்து நீக்குவது. இப்போது இரண்டுக்கும் ‘நீக்கு’ என்றே இருப்பதால் ஆட்கள் சந்தாவை இழக்கிறார்கள். முதலாவதற்கு ‘பாத்தியைக் கலை’, இரண்டாவதற்கு ‘ஓடைகளோடு நீக்கு’ என்று வைக்கலாமா? ‘கலை’ என்றதும் ஓவியம், நாட்டியம் என்று யாரும் தடுமாறுவார்களா? பென்னாகரத்து அண்ணன் சொல்லட்டும்.